மூடாத வளையம்

...இல்லை, இதுவேதான், இந்தத் தடவை நான் ஏமாறவில்லை, மேலட்டையைப் பார்த்ததும் துள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையைக் கழுவித் துடைத்து, பார்சலைச் சுற்றியிருந்த சணலைக் கத்தரிக்காமல் முடிச்சவிழ்த்து, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் புரட்டினேன், ஆனாலும் நடுப்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் கை தானாக நின்றுவிட்டது. கறுப்புத் துணிமேல் விரித்துப் படமெடுத்த வெள்ளை லேஸ். பெரிய வளையம், அதன் இரண்டு பக்கமும் சின்ன வளையங்கள், மேலே ஒரு வளைவு, வளைவின் நெற்றியில் நூல் காதுகள், மறுபடி பெரிய வளையம்... கண்ணாடிக் கூட்டைத் திறந்து மகள் போட்ட லேஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூக்குக் கண்ணாடி வைக்கிற கூடுதான், உள்ளே நீல வெல்வெட், நான் வேலை பார்க்கும் கடையில் கேட்டு வாங்கியது, கண்ணாடிக்குச் சட்டம் பொருத்துகிறவனுக்கு அதைவிடப் பத்திரமான பெட்டி வேறென்ன தெரியும். வளையத்துக்கு வளையம், காதுக்குக் காது, அச்சு அசல். இத்தனை வருஷமாக எத்தனை புத்தகம், எத்தனை பக்கம், கடைசியில் பள்ளிக்கூட நோட்டைவிட மெலிந்த இந்த ஒன்றில் வந்து நிற்கிறது, துருப்பிடித்த இரண்டு பின்கள், அட்டையில் யாரோ கோப்பையை வைத்த வட்டம். சந்தோஷப்பட வேண்டும். படுகிறேனா? படத்து வளையங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். கூடத்தில் என் மனைவி என்னுடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், கம்பளி நூல் வரிசை வரிசையாக விடுபடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை.

இந்தப் புத்தகங்களைப் பற்றி யாராவது வாயைக் கொடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டாட்டிங் என்கிற இந்த லேஸ் வேலைக்கு ஊசி கிடையாது, கொக்கி கிடையாது, கட்டைவிரல் நீளத்தில் படகுபோல ஒரு ஷட்டில், அதன் வயிற்றில் சுற்றிய நூல், பத்து விரல், வேறு முதலீடே இல்லை. நூலை இடது கையில் சுற்றிக்கொண்டு முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சாகப் போட்டு, வேண்டியமட்டும் ஆனதும் இழுத்தால் வரிசையெல்லாம் வளைந்து வளையமாக மூடிக்கொள்ளும், முடிச்சுக்கு நடுவே விடும் சின்னக் கண்ணிதான் காது, அப்படி வளையங்களைக் காதோடு காது கோத்துக்கொண்டே போனால் லேஸ். இதற்கென்று அந்தக் காலத்தில் எத்தனை புத்தகம் போட்டிருக்கிறார்கள், நூல் விற்பதற்காக நூல் கம்பெனிகள் போட்ட சின்னச் சின்ன ஏடுகள், பெருமையடித்துத் தள்ளும் முன்னுரைகள், காலரும் கைக்குட்டை ஓரமும், கழுத்தில் லேஸை வைத்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள். வரைபடமெல்லாம் பிற்பாடு வந்த சமாச்சாரம், பழசில் வெறும் எழுத்துதான், எத்தனை முடிச்சு, எங்கே காது, எங்கே இணைப்பு என்று மூச்சுவிடாமல் ஒரு பக்கம் ஓடும், அச்சுக் கோத்தவர் ஒரு எண்ணை மாற்றிக் கோத்துவிட்டால் வாங்கினவள் பாடு திண்டாட்டம். எனக்குப் பிடித்ததே அந்த இடங்கள்தான். யாரோ ஒருத்தி பென்சிலால் ஐந்தை அடித்து ஆறு என்று திருத்தியிருப்பாள், இன்னொருத்தி முடித்த வரிக்கெல்லாம் டிக் போட்டுக்கொண்டே வந்து பாதிப் பக்கத்தில் நிறுத்தியிருப்பாள், அப்புறம் அவளுக்கு என்ன ஆயிற்று, குழந்தை அழுததா, சலித்துவிட்டதா... சிலதில் செய்துபார்த்த துண்டை அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்திவைத்திருப்பார்கள், ஊசி துருவேறிக் காகிதத்தில் பழுப்புப் பொட்டு விழுந்திருக்கும், லேஸ் மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருக்கும். வாரச்சந்தையில் பழைய புத்தகம் விற்கிறவருக்கு நான் 'லேஸ் சார்'. முதல் நாள், "வீட்டம்மாவுக்கா சார்?" என்றார். "இல்ல, எனக்குத்தான்" என்றேன். என் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், "அதனால என்ன சார், கை எல்லாருக்கும்தானே இருக்கு" என்று எனக்கே சமாதானம் சொன்னார். இப்போது அவரே தேடி எடுத்துவைக்கிறார், இதையும் அவர்தான் வெளியூர்க் கடையொன்றில் பிடித்து அனுப்பினார், "பார்த்தா நீங்க சாப்பாட்டை மறந்துடுவீங்க சார்" என்று போனில் சிரித்தார். இத்தனைக்கும் எனக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது, அதை அவரிடம் சொன்னதில்லை.

போடத் தெரிந்தவள் டீச்சரம்மா. எங்கள் மகளைத்தான் சொல்கிறேன், ஒரே மகள், வேலை பார்த்தது ஒரு பல் டாக்டரிடம், வரவேற்பு மேசையில், டீச்சர் உத்தியோகத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் வாய் திறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து எங்களைத் திருத்திக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். துணி மடித்தால் ஓரம் ஓரத்தோடு பொருந்த வேண்டும். யாரிடமாவது பென்சில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும்போது சீவிக் கொடுப்பாள். கூட வேலை பார்த்த பெண்ணிடம் இதைக் கற்றுக்கொண்டு வந்து, ராத்திரிச் சாப்பாடு ஆனதும் என் எதிரில் உட்கார்ந்து, ஷட்டில் டிக் டிக் என்று நூலை விட, "இதுல ரப்பர் கிடையாதுப்பா, வளையத்தை மூடிட்டா மூடினதுதான், மூடறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்" என்று எனக்கு வகுப்பெடுப்பாள். கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்தது இது. மேசை விரிப்புக்கு ஓரமா, காலரா, அதுகூட எனக்குத் தெரியாது, பார்த்துப் போட்ட புத்தகம் வீட்டில் இல்லை, அதை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள், அந்தப் பெண்ணும் அப்புறம் ஊரை விட்டுப் போய்விட்டாள். புத்தகம் இல்லாமல் எப்படிப் போட்டாள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை, அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும், கெட்டிக்காரி என்று முடித்துவிட்டேன்.

அவள் எங்களை விட்டுப் போன நாளில் மழை. நான் கடையில், அவள் அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், கதவுச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. அவள் விழுந்த பாலத்தின் கைப்பிடிச் சுவர் தாழ்வு, ஓரத்தில் பாசி, இதற்கு முன்னாலும் ஒருவர் வழுக்கி விழுந்த இடம்தான், இன்ஸ்பெக்டரே விபத்து என்றுதான் எழுதினார், எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், கூடத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில், கொஞ்ச நாளா பேச்சே குறைஞ்சிருந்துச்சாமே, வேலைக்குக்கூட சரியாப் போகலையாமே... எனக்குக் கேட்காது என்று நினைப்பு. நான் எழுந்து அவள் அறைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் இது கிடந்தது, ஷட்டில் தொங்கிக்கொண்டு, ஒரு வளையம் பாதியில், நாலு முடிச்சு விழுந்து மிச்ச நூல் இழுபடாமல் அகலத் திறந்துகிடந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வளையத்தைப் பாதியில் விட்டு யாராவது போவார்களா? அதுவும் டீச்சரம்மா? மூடிவிட்டல்லவா எழுந்திருப்பாள்? திரும்பி வரப்போகிறவள்தான் இப்படி வைத்துவிட்டுப் போவாள், ஐந்து நிமிஷத்தில் வந்து உட்காரப் போகிறவள். நான் இதைக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் காட்டினேன், பாருங்க, பாருங்க என்று, தலையை ஆட்டினார்கள். என் மனைவியிடமும் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், என் கையிலேயே திருப்பி வைத்தாள். அன்று ராத்திரி நான் தூங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தூங்கினேன், இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

அதற்கப்புறம்தான் புத்தகம் தேடும் பைத்தியம். எந்த மாதிரி, முடிந்தால் எப்படி இருக்கும், எத்தனை வளையம் மிச்சம், அதைத் தெரிந்துகொண்டால் அவள் எங்கே போய்ச்சேர இருந்தாள் என்று தெரிந்துவிடும்போல ஒரு எண்ணம். இப்போது தெரிந்துவிட்டது. வட்ட விரிப்பின் ஓரம். முக்கால்வாசி முடித்திருக்கிறாள். படத்தில் எண்ணிப் பார்த்தாயிற்று, மிச்சம் கொஞ்சம்தான். சரி, அடுத்து? இந்தப் புத்தகத்தை அலமாரியில் மற்றதோடு நிறுத்திவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை எதைத் தேடிச் சந்தைக்குப் போவேன்? சந்தோஷம் வராதது இதனால்தானா? தேடுகிற வரைக்கும் அவள் எழுந்துபோன நாற்காலி சூடாகவே இருந்தது... இல்லை, அப்படியெல்லாம் யோசிக்க வேண்டாம், முடித்துவிடலாம், நானே முடிக்கிறேன், அவள் விட்ட இடத்திலிருந்து, அதற்குத்தானே இவ்வளவும், என் விரலென்ன கட்டையா, எறும்புக்கால் அளவு திருகாணியை நாள் முழுக்கத் திருகுகிறவன். அவளுடையதைத் தொடுவதற்கு முன் கை பழக வேண்டும் என்று அவள் டப்பாவிலிருந்து வேறொரு ஷட்டிலை எடுத்து, நூல் சுற்றி, புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரவில்லை. வரவே இல்லை. சூட்சுமம் என்னவென்றால், ஷட்டில் நூலால் முடிச்சுப் போட்டுவிட்டு அதை இறுக்கி நீட்ட வேண்டும், விரலில் சுற்றிய நூலைத் தளர்த்த வேண்டும், அப்போது முடிச்சு குட்டிக்கரணம் அடித்து இந்த நூலிலிருந்து அந்த நூலுக்குத் தாவும், தாவினால்தான் வரிசை நகரும், வளையம் மூடும். தாவாவிட்டால் அது வெறும் கட்டு, அந்த இடத்திலேயே கடித்துக்கொண்டு நிற்கும். புத்தகங்களில் இதை நூறு விதமாக எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன், யாராவது கேட்டால் பிரசங்கமே செய்வேன், கை கேட்க வேண்டுமே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் எல்லாம் கட்டு. அப்புறம் எப்படியோ ஒன்று தாவிற்று, விரல் நுனியில் சின்னதாக ஒரு நெகிழ்வு, அடடா, இதைத்தான் அவள் ஒவ்வொரு ராத்திரியும்... இன்னொன்று, இன்னொன்று, அந்தச் சந்தோஷத்தில் மளமளவென்று போட்டுக்கொண்டே போய் வளையத்தை மூட இழுத்தால் பாதியில் நின்றது. நடுவில் ஒரு முடிச்சு தாவாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அவள் இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். சரி, இன்னும் மூடவில்லையே, பிரிக்கலாம். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்த ஊசிமுனைத் திருப்புளியால் கடைசி முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பி நெம்பித் தளர்த்தி வெளியே எடுத்தேன். கண்ணாடி வேலைதான், பொறுமை இருந்தால் போதும். தப்பு முடிச்சு வரைக்கும் வந்து நிமிர்ந்து, பிரிந்த நூலை நீவிவிட்டேன். நேராகவில்லை. இன்னொரு தடவை நீவினேன். முடிச்சு இருந்த இடமெல்லாம் நெளிநெளியாக, குட்டிக் குட்டி அலையாக, சொன்னபேச்சுக் கேட்காமல் நின்றது.

இதை எங்கே பார்த்திருக்கிறேன்?

கண்ணாடிக் கூட்டைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் எடுத்தேன், ஆனாலும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். நாலு முடிச்சு, அதை அடுத்து அந்தத் திறந்த நூல், நெளிநெளியாக, குட்டிக் குட்டி அலையாக. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன் இந்த நெளிவை. ஷட்டிலில் சுற்றியே கிடந்ததால் வந்த சுருட்டை என்று நினைத்தேன், இல்லை, எதையும் நினைக்கவே இல்லை, அது அவளுடைய நூல், அப்படித்தான் இருக்கும். சுருட்டிவைத்த நூல் பெரிதாக வளையும், இப்படிப் பல்லுப் பல்லாக வராது. ஷட்டிலின் மேல்சுற்றை நகத்தால் தூக்கினேன், அங்கேயும் நெளிவு, அதற்கடுத்த சுற்றிலும். முந்தைய வளையத்தின் காதைப் பார்த்தேன், மற்றக் காதெல்லாம் உருண்டையாக இருக்க அது மட்டும் நீண்டு இளைத்திருந்தது, ஒரு தடவை அதில் நூலைக் கோத்து இணைத்து, அப்புறம் உருவியிருக்கிறாள். புத்தகம் சொல்கிற இடம்தான் அது, நாலு முடிச்சு, பிறகு இணைப்பு. அவள் இதைப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. பிரித்துக்கொண்டிருந்தாள்.

தப்பு விழுந்திருக்கும். இணைப்பு முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது எங்கேயோ ஒரு முடிச்சு தாவியிருக்காது, டீச்சரம்மா அதைப் பொறுத்துக்கொள்வாளா, பிரித்துத் திரும்பப் போடலாம் என்று உட்கார்ந்திருப்பாள், நான் இப்போது செய்தேனே, அதேதான், அதற்குமேல் என்ன. அப்படியானால் ஷட்டிலின் இரண்டாம் சுற்று வரைக்கும் ஏன் நெளிவு? ஒரே வளையத்தைப் பிரித்தால் அவ்வளவு நூல் வருமா? அதையே போட்டுப் போட்டுப் பிரித்தாளா? அல்லது மூடியிருந்த வளையங்களையும் ஊசியால் நோண்டித் திறந்து, அது எவ்வளவு கஷ்டம் என்று அவளே சொல்லியிருக்கிறாளே... நூலை வீணாக்கக் கூடாது என்று, கத்தரிக்காமல், போட்டதையெல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காகச் சுற்றிவைத்துவிட்டு... பென்சிலைச் சீவிக் கொடுத்தவள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவள். மனப்பாடமாகியிருக்கும் என்றேனே, எவ்வளவு சௌகரியமாகச் சொன்னேன். ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ண நினைத்தவள் நாலு முடிச்சை ஏன் விட்டுவைத்தாள், பிரிப்பதையும் பாதியில் விடுவாளா, அலுத்துப்போய்ச் சும்மா காற்றாட வெளியே போனாளா, மழையிலா... நூலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், போட்டதும் பிரித்ததும் தெரிகிறது, எதற்கு என்பது இதில் இல்லை. இத்தனை வருஷம் நான் கையில் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியது சாட்சியே இல்லை. யாருக்கும் தெரியவில்லை என்பதால் தலையை ஆட்டினார்களா, பாவம் என்று ஆட்டினார்களா?

அறை இருட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. என் மனைவி வந்து விளக்கைப் போட்டாள், தேநீரை மேசைமேல் வைக்க இடம் தேடினாள். மேசையில் புத்தகம் திறந்திருந்தது, அதன் இந்தப் பக்கம் என் நூல், அந்தப் பக்கம் மகளுடையது, இரண்டும் ஒரே நெளிவாக. அவள் பார்த்தாள்.

"பிரிச்சீங்களா?" என்றாள்.

"தப்பாயிடுச்சு" என்றேன். அப்புறம், "பிரிச்ச நூல் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன், கூடத்து நாற்காலி முதுகில் என் ஸ்வெட்டர் நூல் கத்தைகத்தையாக அப்படியேதானே தொங்குகிறது, ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னால் அவள் பிரித்து, அலசி, நெளிவு போகக் கனம் கட்டித் தொங்கவிடுவதை நான் குனிந்து தாண்டித்தானே போகிறேன்.

"இப்படித்தான் இருக்கும்."

"உனக்குத் தெரியுமா? இது?"

கோப்பையைப் புத்தகத்தைவிட்டுத் தள்ளி வைத்தாள். பிறகு, "கையில குடுத்தீங்களே, அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"அதைப் பக்கத்துல வெச்சுட்டுத்தானே நீங்க தூங்குனீங்க."

அப்படியானால் அன்று ராத்திரி இவள் தூங்கவில்லை. அன்று மட்டுமா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் புதுப் புத்தகத்தோடு வந்து லேஸைப் படத்தோடு ஒட்டிப் பார்த்து, இல்லை, இதுவும் இல்லை, அடுத்ததில் கிடைக்கும் என்று சொல்வேனே, சரி, கைகழுவிட்டு வாங்க என்பாளே, அதெல்லாம் தெரிந்தேதானா? என் புத்தகங்களைத் தூசி தட்டி வைத்தாளே, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை காயவைத்துப் போட்டாளே... எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "நீ என்ன நினைக்கிற?" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "தப்பு வந்ததுன்னு பிரிச்சாளா, இல்ல..."

அவள் கூடத்துக்குப் போய் ஒரு கத்தைக் கம்பளி நூலோடு திரும்பி வந்து என் எதிரில், மகள் உட்காருகிற பக்கத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீ ஆறுது, அப்புறம் குடிங்க. இதைப் பிடிங்க, உருண்டை சுத்தணும். தனியா முடியல."

இரண்டு கையையும் நீட்டினேன். மணிக்கட்டுகளில் கத்தையை மாட்டினாள், நுனியைத் தேடி எடுத்து உருண்டை சுற்றத் தொடங்கினாள், நூல் என் இடது கையிலிருந்து வலது கைக்கும் வலதிலிருந்து இடதுக்குமாக அவளிடம் போய்க்கொண்டிருந்தது, நான் கையை அதற்கேற்றபடி சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வாரமே பிரித்து அலசிக் காயவைத்த கத்தை அது, அப்படியும் நூலில் நெளிவு கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதை எதற்குப் பிரித்தாய் என்று கேட்டேன். "முழங்கை ரெண்டும் நைஞ்சுபோச்சு, அதை விட்டுட்டு மிச்சத்துல உங்களுக்கே ஒரு கையில்லாதது போடலாம்னு" என்றாள், சுற்றுவதை நிறுத்தாமல். கேட்டேன், சொல்லிவிட்டாள், எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் இவள் எதற்குப் பிரித்தாள் என்று தெரிந்தது.